இருபத்தெட்டு நாள் செல்வந்தர்கள்

காஞ்சிபுரத்தில் நாங்கள் சிலர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கூடிப் புத்தகம் பேசுவது வழக்கம். கூடுமிடம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளி நண்பரின் வீட்டுத் திண்ணை. உள்ளே அவருடைய குழித்தறி ஓடிக்கொண்டிருக்கும். இடையிடையே எழுந்துவந்து எங்களோடு பேசிவிட்டுப் போவார். புதுமைப்பித்தனையும் ப. சிங்காரத்தையும் எங்களுள் பலரைவிட ஆழ்ந்து வாசித்தவர். 2025-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் நாங்கள் கூடிய அன்று தறி ஓடவில்லை. விசாரித்தபோது தெரியவந்த செய்திதான் இக்கட்டுரைக்குக் காரணம்.

நண்பரின் மகள் வேதியியல் படித்தவர். பழந்துணிகளைக் கெடாமல் பாதுகாக்கும் துறையில் முதுகலை படிக்க, பிரிட்டனில் லண்டனுக்கு வெளியே உள்ள ஒரு பல்கலைக்கழகம் அவருக்கு இடம் கொடுத்திருந்தது. கட்டணத்தில் பெரும்பகுதியை அப்பல்கலைக்கழகத்தின் உதவித்தொகையே ஏற்றுக்கொண்டது. மிச்சத்தைக் குடும்பம் கட்டிவிட்டது. விசாவுக்கு எஞ்சியிருந்தது வாழ்க்கைச் செலவுக்கான நிதிச் சான்று ஒன்றுதான். அன்றைய விதிப்படி மாதம் 1,136 பவுன் வீதம் ஒன்பது மாதங்களுக்கு 10,224 பவுன். நம் பணத்தில் ஏறத்தாழ 12 லட்சம் ரூபாய். இத்தொகை மாணவர் பெயரிலோ பெற்றோர் பெயரிலோ உள்ள வங்கிக் கணக்கில் தொடர்ந்து 28 நாட்கள் இருக்கவேண்டும். ஒரு நாள்கூட, ஒரு ரூபாய்கூடக் குறையாமல் இருக்கவேண்டும்.

நகைகள் அடகுக்குப் போயின. ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்தார்கள். உறவினர்களில் இருவர் வட்டியில்லாமலும் ஒருவர் வட்டிக்கும் கொடுத்தனர். தொகை சேர்ந்தது. பத்தொன்பதாம் நாள், முன்பு தறியைப் புதுப்பிக்க வாங்கியிருந்த கடனின் மாதத் தவணையை வங்கிக் கணினி தானாகப் பிடித்துக்கொண்டது. இருப்பு கோட்டுக்குக் கீழே சில ஆயிரம் ரூபாய் இறங்கியது. மறுநாளே நண்பர் அதைச் சரிக்கட்டிவிட்டார். ஆனால் கணக்கை மறுபடியும் முதல் நாளிலிருந்து தொடங்கவேண்டும் என்றார் முகவர். இன்னொரு 28 நாட்களும், அதன்மேல் விசா பரிசீலனைக்கான வாரங்களும் போனால் சேர்க்கைத் தேதி கடந்துவிடும். முகவர் வேறொரு வழியும் சொன்னார்: "28 நாள் ஆன மாதிரி பேப்பர் ஏற்பாடு பண்ணித் தர ஆள் இருக்காங்க சார்." நண்பர் மறுத்துவிட்டார். பொய் ஆவணம் பிடிபட்டால் பிரிட்டனுக்குள் நுழையப் பத்தாண்டுத் தடை விதிப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அவர் மறுத்தது அந்த அச்சத்தால் அல்ல. சேர்க்கைத் தேதி கடந்தது. உதவித்தொகை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்கப்படவில்லை.

இதைக் கேட்ட எங்கள் வட்டத்து நண்பர்களுள் சிலர் கூறிய கருத்துகள் எங்களை உறங்கவிடவில்லை. "ஒரு நாடு தன் வாசலில் வந்து நிற்பவரிடம் கையில் காசிருக்கிறதா என்று கேட்பதில் என்ன தவறு?" என்றார் ஒருவர். "அது மாணவர்களின் பாதுகாப்புக்காகத்தானே?" என்றார் மற்றொருவர். "வெளிநாட்டு மோகம் நெசவாளர் வீடு வரைக்கும் வந்துவிட்டது" என்று பெருமூச்செறிந்தார் மூன்றாமவர். மூவரும் நன்கு படித்தவர்கள், நல்லவர்கள். ஆகவேதான் அவர்களுக்கு விரிவாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

*

முதலில் அந்த 12 லட்சம் ரூபாயை நிறுத்துப் பார்ப்போம். 2019-20-இல் எடுக்கப்பட்ட நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, இந்நாட்டு நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாக ஈட்டுபவை. மாதம் 5,000 என்றே வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 60,000. ஒரு வேளையும் உண்ணாமல், ஒரு துணியும் உடுத்தாமல் அக்குடும்பம் இருபது ஆண்டுகள் உழைத்தால் 12 லட்சம் சேரும். காஞ்சிப் பட்டு நெசவாளியின் கூலி இதைவிடக் கூடுதலாக இருக்கலாம். கோர்வை போட்டு, முந்தியைத் தனியே பிணைத்து ஒரு புடவையை முடிக்க வாரங்கள் ஆகின்றன என்பதையும், கரையை வாங்கித் தர இன்னொரு கை தறியில் உட்காரவேண்டும் என்பதையும் கணக்கில் சேர்த்தால், அந்தக் 'கூடுதல்' எவ்வளவு என்பது விளங்கும்.

கடன் வாங்கலாமே என்பர். வங்கியின் கடன் ஒப்புதல் கடிதத்தையும் பிரிட்டன் ஏற்றுக்கொள்ளத்தான் செய்கிறது. ஆனால் நம் வங்கிகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டப்படி ஏழரை லட்சம் ரூபாய்க்கு மேல் என்றால் சொத்து ஈடு வேண்டும். எங்கள் நண்பரின் வீடு கோயில் மனையில் இருக்கிறது. மூன்று தலைமுறையாகக் குடியிருந்தும் பட்டா இல்லை. அடமானம் வைக்க முடியாது. ஈடில்லாமல் கடன் தரும் நிறுவனங்களும் உண்டு. அவை கேட்பது பெற்றோரின் சம்பளச் சீட்டையும் வருமானவரிக் கணக்கையும். நண்பரிடம் இருப்பது கூட்டுறவுச் சங்கத்தின் பாஸ் புத்தகம். முப்பதாண்டு உழைப்பு வரிவரியாக அதில் பதிவாகியிருக்கிறது. எத்தனை புடவை, எவ்வளவு கூலி, சேமிப்புக்குப் பிடித்தது எவ்வளவு என்று எல்லாம் இருக்கிறது. அதை எந்த வங்கியும் வருமானச் சான்றாக எடுத்துக்கொள்ள முன்வரவில்லை.

ஆக, அவரிடம் நேர்மையான வருமானம் இருந்தது, வீடு இருந்தது, உழைப்பின் பதிவு இருந்தது, மகளுக்குத் தகுதியும் பல்கலைக்கழகத்தின் நம்பிக்கையும் இருந்தன. இல்லாதது, அசையாமல் கிடக்கும் பணம் ஒன்றுதான். உழைப்பவன் வீட்டில் பணம் அசைந்துகொண்டேதான் இருக்கும். இவ்விதி அளப்பது ஒருவரால் வாழ முடியுமா என்பதை அல்ல. ஒருவர் பணத்தைத் தொடாமல் இருக்க முடியுமா என்பதை. அந்த வசதி செல்வந்தர்களுக்கே உரியது. மற்றவர்கள் 28 நாட்களுக்குச் செல்வந்தர் வேடம் கட்ட வேண்டும். வேடம் கட்டத் தெரிந்தவன் தேறுகிறான். கட்ட மறுத்தவன் தோற்கிறான்.

*

இனி, வாசலில் நிற்பவரைப் பற்றிய முதல் நண்பரின் உவமைக்கு வருவோம். வீட்டுக்கு வருகிறவர் நம் சோற்றைத் தின்ன வருகிறார் என்றால் அந்தக் கேள்வி நியாயம். ஆனால் வெளிநாட்டு மாணவர் உண்ண வருகிறாரா, ஊட்ட வருகிறாரா?

பிரிட்டனில் லண்டன் எகனாமிக்ஸ் என்னும் ஆய்வு நிறுவனம், உயர்கல்விக் கொள்கை நிறுவனத்துக்காகவும் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்புக்காகவும் கணக்கிட்டு 2023-இல் வெளியிட்ட அறிக்கை ஒன்றுண்டு. 2021-22 கல்வியாண்டில் புதிதாகச் சேர்ந்த வெளிநாட்டு மாணவர்கள் தங்கள் படிப்புக்காலம் முழுவதிலும் அந்நாட்டுப் பொருளாதாரத்துக்குத் தரும் பயன் 4,190 கோடி பவுன். அவர்களுக்காக அரசு செய்யும் பொதுச்செலவு, மருத்துவம் உட்பட, 440 கோடி பவுன் அளவே. அதாவது ஒரு பவுன் வாங்கிக்கொண்டு ஒன்பது பவுனுக்கு மேல் கொடுக்கிறவர்கள் இவர்கள். அமெரிக்காவில் 2023-24 கல்வியாண்டில் வெளிநாட்டு மாணவர்களால் கிடைத்த வருவாய் 4,380 கோடி டாலர். அதனால் நிலைபெற்ற வேலைகள் 3,78,000-க்கு மேல் என்று அந்நாட்டின் சர்வதேசக் கல்வியாளர் சங்கமான நாஃப்சா கணக்கிட்டது. அவ்வாண்டில் அங்கே பயின்ற வெளிநாட்டு மாணவர்களுள் இந்தியரே முதலிடம்: 3,31,602 பேர்.

இந்தப் பணம் வானத்திலிருந்து விழவில்லை. 'வெளிநாட்டில் கல்வி' என்னும் தலைப்பில் மட்டும் 2023-24 நிதியாண்டில் இந்தியாவிலிருந்து வெளியே சென்ற தொகை ஏறத்தாழ 348 கோடி டாலர் என்பது ரிசர்வ் வங்கியின் கணக்கு. ஒவ்வொரு டாலருக்குப் பின்னாலும் ஒரு வயல், ஒரு மனை, ஒரு தாலிக்கொடி இருக்கிறது.

எனவே இது விருந்தாளிக்கும் வீட்டுக்காரனுக்குமான உறவு அல்ல. வாடிக்கையாளருக்கும் கடைக்காரனுக்குமான உறவு. எங்கள் ஊர் காந்தி ரோட்டில் புடவைக் கடைகள் இருக்கின்றன. கல்யாணப் புடவை எடுக்க வரும் குடும்பத்திடம், "உள்ளே வருமுன் உங்கள் கணக்கில் ஒரு மாதமாகப் பணம் அசையாமல் இருந்ததற்குச் சான்று காட்டுங்கள், சான்றைப் பரிசீலிக்கக் கட்டணம் தாருங்கள், நாங்கள் மறுத்தால் கட்டணம் திரும்பாது" என்று எந்த முதலாளியும் சொல்லமாட்டார். சொன்னால் மறுநாள் கடை இராது. ஆஸ்திரேலியா சொல்கிறது. அங்கே மாணவர் விசாக் கட்டணம் 2024 ஜூலையில் 710 டாலரிலிருந்து 1,600 ஆயிற்று. 2025 ஜூலையில் 2,000 ஆயிற்று. விசா மறுக்கப்பட்டாலும் கட்டணம் அவர்களுக்கே. காட்டவேண்டிய சேமிப்போ 2024 மே மாதம் முதல் 29,710 ஆஸ்திரேலிய டாலர்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. பிரிட்டன் சில நாடுகளைத் தனிப் பட்டியலிட்டு, அந்நாட்டு மாணவர்கள் பொதுவாக நிதி ஆவணங்களைச் சமர்ப்பிக்கத் தேவையில்லை என்று சலுகை அளித்திருக்கிறது. பணம் இருக்கவேண்டும், ஆனால் இருக்கிறது என்று அவர்கள் சொன்னால் போதும். 2018-இல் அப்பட்டியலை விரிவாக்கியபோது சீனா உள்ளிட்ட 11 நாடுகளைச் சேர்த்தார்கள். இந்தியாவைச் சேர்க்கவில்லை. ஆக, பீஜிங் மாணவரின் வாய்ச்சொல்லும் காஞ்சிபுரத்து மாணவியின் வங்கி அறிக்கையும் அவர்கள் தராசில் ஒரே எடை. இங்கே சோதிக்கப்படுவது தனியொருவரின் பணம் அல்ல. அவருடைய பாஸ்போர்ட்டின் நிறம்.

*

நிற்க. இரண்டாம் நண்பரின் வாதம் வலுவானது. அதை எள்ளி நகையாட மாட்டோம். கையில் பணமில்லாமல் போனவர்கள் அங்கே படும் பாட்டை நாமும் அறிவோம். அடித்தளத்து அறை ஒன்றில் ஆறு பேர் முடங்கிக் கிடப்பதும், இரவெல்லாம் கிடங்கில் பெட்டி தூக்கிவிட்டுப் பகலில் வகுப்பில் உறங்குவதும் கற்பனைகள் அல்ல. கனடா இருபது ஆண்டுகளாக 10,000 டாலர் என்றே வைத்திருந்த தொகையை 2024 ஜனவரி முதல் 20,635 டாலராகவும், 2025 செப்டம்பர் முதல் 22,895 டாலராகவும் உயர்த்தியபோது கூறிய காரணம் இதுவே: வாழ்க்கைச் செலவு ஏறிவிட்டது, பழைய தொகையை நம்பி வரும் மாணவர்கள் அல்லற்படுகிறார்கள். தொகையைப் பொறுத்தவரை அது உண்மை.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2023-இன் இறுதியில் ஒன்டாரியோ மாகாணத்தின் பிராம்ப்டன் நகரில் ஓர் உணவு வங்கி வெளிநாட்டு மாணவர்களுக்கு இனி உணவு தருவதில்லை என்று அறிவித்தது. அங்கே வரிசையில் நின்ற மாணவர்களும் நிதிச் சான்று காட்டித்தான் நாட்டுக்குள் வந்தார்கள். பணத்தைக் காட்டியது அவர்களைப் பசியிலிருந்து காக்கவில்லை. ஏன்? காட்டிய பணம் கடனாக இருந்தது. கடன் வாங்கியவன் அங்கே போய்ச் செலவழிக்க அஞ்சுகிறான். ஒவ்வொரு டாலரையும் ஊருக்குத் திருப்பி அனுப்பத் துடிக்கிறான். தொகையை இரட்டிப்பாக்கினால் ஏழை மாணவனுக்கு வசதி இரட்டிப்பாவதில்லை, கடன் இரட்டிப்பாகிறது.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இது புதிதல்ல. நெசவில் 'முன்பணம்' என்று ஒன்றுண்டு. முதலாளி ஒரு தொகையை முன்கூட்டியே கொடுப்பார். அது தீரும்வரை நெசவாளி வேறு இடம் போக முடியாது. கூலி குறைவென்று வாய்திறக்க முடியாது. தறி அவர் வீட்டில் இருக்கும், பட்டும் ஜரிகையும் முதலாளியுடையவை, வாழ்க்கை முன்பணத்தினுடையது. ஒரு காலத்தில் அக்கடனை அடைக்கப் பிள்ளைகளே தறியில் உட்கார்ந்தார்கள். கடன் வாங்கி நிதி காட்டிப் போகும் மாணவனின் நிலையும் இதுவே. வேலை கொடுப்பவன் சட்டம் சொல்லும் ஊதியத்துக்குக் குறைத்துக் கொடுத்தாலும், வீட்டுக்காரன் வாடகையை உயர்த்தினாலும் அவன் வாய்திறக்க முடியாது. ஊரில் வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. பாதுகாப்பு என்ற பெயரில் போடப்பட்ட விதி, சுரண்டுபவனுக்கு வாய்ப்பான அடிமையைத் தயாரித்துக் கொடுக்கிறது.

உண்மையிலேயே பாதுகாப்புத்தான் நோக்கம் என்றால் வேறு வழிகள் உண்டு. ஜெர்மனியில் ஆண்டுக்கு 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் போடச் சொல்கிறார்கள்; அங்கே போனபின் மாதம் 992 யூரோ வீதம் அதிலிருந்து மாணவனே எடுத்துக்கொள்கிறான். அதுவும் ஏழைக்கு எட்டாத தொகைதான். என்றாலும் அதில் ஒரு நாணயம் இருக்கிறது: போட்ட பணம் உண்மையாகவே மாணவனின் சோற்றுக்குப் போகிறது. அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணமும் இல்லை. கல்விக் கட்டணமாகப் பல லட்சங்களை வாங்கிக்கொண்டு, மாணவன் சோற்றுக்கு என்ன செய்வான் என்று கவலைப்படுவதாகக் கூறும் நாடுகளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்: அவ்வளவு கவலை இருந்தால் அந்தக் கட்டணத்தில் ஒரு பங்கைச் சோற்றுக்கு ஒதுக்கலாமே?

கனடாவில் நடந்ததையும் சொல்லவேண்டும். 2024 ஜனவரியில் கல்வி அனுமதிகளுக்கு உச்சவரம்பு கொண்டுவந்து, முந்தைய ஆண்டைவிட 35 விழுக்காடு குறைப்பதாக அறிவித்தார்கள். மாணவர் வரத்து குறைந்தபின் ஒன்டாரியோவின் கல்லூரிகள் பாடப்பிரிவுகளை மூடின. ஆசிரியர்களையும் ஊழியர்களையும் வீட்டுக்கு அனுப்பின. சொந்த மாகாண மாணவர்களின் கட்டணத்தை 2019-இல் பத்து விழுக்காடு குறைத்து, பின்னர் அப்படியே உறையவைத்த அரசு, அந்தப் பள்ளத்தை வெளிநாட்டு மாணவர்களின் கட்டணத்தால் கல்லூரிகள் நிரப்பிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதாவது யாரைச் சுமை என்றார்களோ அவர்களே சுமைதாங்கிகளாக இருந்திருக்கிறார்கள். கல் விலகியபின்தான் பாரம் தெரிந்தது.

*

இவ்வளவும் வெள்ளைக்காரர்களின் குற்றம் என்று முடித்துவிட்டால் நமக்கு இதமாக இருக்கும். அந்த இதத்தை நாங்கள் தரப்போவதில்லை.

காஞ்சியின் கல்விப் பெருமையைப் பேசாத மேடை இல்லை. அப்பர் இந்நகரைக் கல்விக்கு எல்லை காணாத ஊராகப் பாடினார். இங்கிருந்த கடிகைக்குக் கன்னட நாட்டிலிருந்து மயூரசர்மன் படிக்க வந்ததையும், பல்லவரின் குதிரைவீரன் ஒருவனோடு நேர்ந்த சச்சரவில் அவமதிப்புற்று, புத்தகத்தை வைத்துவிட்டு வாளெடுத்துக் கதம்ப அரசை நிறுவியதையும் தாளகுந்தாக் கல்வெட்டு கூறுகிறது. படிக்க வந்த அயலூர்க்காரனை வாசலில் அவமதித்தால் என்ன நேரும் என்பதற்குப் பழமையான சான்று நம் ஊரிலேயே இருக்கிறது. காஞ்சியில் பிறந்த தர்மபாலர் நாளந்தாவின் தலைவரானார். அவருடைய மாணவர் சீலபத்திரரிடம் சீனத்திலிருந்து வந்த யுவான் சுவாங் பயின்றார். நாளந்தா அந்த அயல்நாட்டு மாணவரிடம் இருப்புச் சான்று கேட்கவில்லை. உணவும் உறைவிடமும் கொடுத்தது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், பதினோராம் நூற்றாண்டில் வீரராசேந்திரனின் கல்வெட்டு ஒரு வேதக் கல்லூரிக்கும், மாணவர் விடுதிக்கும், பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலசாலைக்கும் நிவந்தம் விட்டதைப் பதிவு செய்கிறது. மாணவனுக்கு நெல் அளந்தது நிறுவனம்.

இவையெல்லாம் உண்மை. ஆனால் இக்கடிகைகளிலும் கல்லூரிகளிலும் நெசவாளியின் மகனுக்கு இடமிருந்ததா? இல்லை. மகளைப் பற்றிப் பேசவே வேண்டாம். அதே காலத்துக் கல்வெட்டுகளில் 'தறி இறை' என்று ஒரு வரி வருகிறது. தறி வைத்திருப்பவன் அரசுக்குக் கட்டவேண்டியது அது. அவன் வரி கட்டினான். வேறு எவனோ படித்தான். இன்றும் அதே கதை வேறு மொழியில் நடக்கிறது. அன்று சாதி வாசலில் நின்றது. இன்று வங்கி இருப்பு நிற்கிறது. காஞ்சியின் பெருமையை எடுத்துக்காட்டி மேலைநாடுகளுக்குப் பாடம் சொல்ல நினைப்பவர்கள், அந்தப் பெருமையின் வாசலுக்கு வெளியே நின்றவர்கள் யார் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

ராமானுஜனை நினைவுகூர்வோம். அவர் தந்தை புடவைக் கடை ஒன்றில் குமாஸ்தா. ராமானுஜனும் குழந்தைப் பருவத்தில் சிறிது காலம் காஞ்சிபுரத்தில், தாய்வழிப் பாட்டனார் வீட்டில் இருந்து, 1892-இல் இங்கே பள்ளிக்குச் சென்றவர். பின்னாளில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்கெழுதினார். 1914 மார்ச்சில் அவர் கப்பலேறியபோது அவரிடம் 28 நாள் அசையாத பணம் இருக்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் என்று இரண்டாண்டுகளுக்கு உதவித்தொகை அளித்தது. பயணச் செலவையும் ஏற்றது. அதாவது, அவருக்காக இங்கே ஒரு நிறுவனம் ஜாமீன் நின்றது. அவர் மேதை, அதனால் நின்றார்கள் என்பீர்கள். மேதைக்கு மட்டும் கதவு திறப்பது கல்விக் கொள்கை ஆகாது, அது அதிர்ஷ்டம். சாதாரணத் திறமையுள்ள பணக்காரப் பிள்ளைக்குத் திறக்கும் கதவு, சாதாரணத் திறமையுள்ள ஏழைப் பிள்ளைக்கும் திறக்கவேண்டும். நாங்கள் கேட்பது அவ்வளவே.

இன்று நமது அரசுகள் யாருக்கு ஜாமீன் நிற்கின்றன? தமிழ்நாடு அரசு ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்கள் வெளிநாட்டில் உயர்கல்வி பயில உதவித்தொகை வழங்குகிறது. பாராட்டுக்குரியது, இன்னும் பெருகவேண்டியது. மத்திய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகையில் ஆண்டுக்கு 125 இடங்கள் என்று வகுத்தார்கள். அவற்றுள் நிலமற்ற விவசாயக் கூலிகளின் பிள்ளைகளுக்கும் மரபுக் கைவினைஞர்களின் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒதுக்கியவை எத்தனை தெரியுமா? நான்கு. காஷ்மீரின் சால்வைக்காரர் முதல் காஞ்சியின் பட்டு நெசவாளி வரை, அவர்களோடு நிலமற்ற உழவுக்கூலிகள் அத்தனை பேரும் சேர்ந்து, ஒரு நாடு முழுமைக்கும் நான்கு இடங்கள். போதாக்குறைக்கு, இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு பற்றிய ஆய்வுகளுக்கு இவ்வுதவித்தொகை கிடையாது என்று 2022-இல் ஒரு விதியையும் சேர்த்தார்கள். நெசவாளியின் மகள் அங்கே சென்று காஞ்சிப் புடவையின் வரலாற்றை ஆராய விரும்பினால், இத்திட்டத்தின் வாசலும் அடைபட்டதுதான்.

*

கடைசியாக, மோகம் பற்றி. மருத்துவர் மகன் லண்டனுக்குப் போனால் அது 'உயர்கல்வி'. நெசவாளி மகள் போக நினைத்தால் அது 'மோகம்'. இவ்விரு சொற்களுக்கும் இடையிலுள்ள தூரத்தை வேறெங்கும் தேடவேண்டாம். நம் வாசகர் வட்டங்களிலேயே அது இருக்கிறது. பிரியதர்ஷனின் 'காஞ்சிவரம்' படம் வந்தபோது இதே நண்பர்கள் கண் கலங்கினார்கள். மகளின் கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை நெய்வதற்காக, வேலை செய்யும் இடத்திலிருந்து பட்டு நூலைத் திருடும் நெசவாளியின் கதை அது. படம் தேசிய விருது பெற்றது, எல்லோரும் எழுதினோம். சுதந்திரத்துக்கு முந்தைய நெசவாளி திரையில் புடவைக்கு ஏங்கினால் நமக்குக் கண்ணீர் வருகிறது. இன்றைய நெசவாளி நம் எதிரே உட்கார்ந்து மகளின் படிப்புக்கு ஏங்கினால் நமக்குப் பொருளாதார ஞானம் வருகிறது. அவனிடமிருந்து நாம் எதிர்பார்ப்பது தறியில் உட்கார்ந்து நம் மரபைக் காப்பாற்றுவதை மட்டுந்தானோ என்று ஐயுறுகிறோம்.

எங்கள் கோரிக்கைகள் சிக்கலானவை அல்ல. விசா மறுக்கப்பட்டால் கட்டணத்தைத் திருப்பித் தரட்டும். 28 நாள் தேக்கத்தை அளப்பதை விட்டு, செலவுக்கு வழி இருக்கிறதா என்பதை அளக்கட்டும். இருப்பு ஒரு நாள் குறைந்ததற்கு விளக்கம் கேட்கக்கூட மனமில்லாத விதி, விதி அல்ல, பொறி. மாணவரால் இலாபம் அடையும் நாடும் பல்கலைக்கழகமும் அவரால் வரக்கூடிய இடரில் ஒரு பங்கை ஏற்கட்டும். இவை அங்கே கேட்கவேண்டியவை. அங்குள்ள தமிழர்கள் கேட்கட்டும்.

இங்கே கேட்கவேண்டியவை நம் கையில் உள்ளவை. கூட்டுறவுச் சங்கத்தின் கூலிப் பதிவை வருமானச் சான்றாக வங்கிகள் ஏற்கவேண்டும். கோயில் மனையில் குடியிருப்பவரின் பிள்ளைக்கு அரசு ஜாமீன் நிற்கவேண்டும். விண்ணப்பிப்பவரின் சொந்த நாட்டு அரசு தரும் நிதி ஆதரவுக் கடிதத்தைப் பிரிட்டனின் விதிகளே ஏற்கின்றன. எனவே சட்டத்தை மாற்றவும் வேண்டியதில்லை. ஒரு கடிதம் எழுத மனம் இருந்தால் போதும். 1914-இல் ஒரு பல்கலைக்கழகத்தால் முடிந்தது இன்று ஓர் அரசால் முடியாதா? நான்கு இடங்களை நாற்பதாக்குவது ஒரு கையெழுத்தில் முடியும் காரியம்.

நண்பரின் மகள் இப்போது ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஓர் ஆலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறார். மீண்டும் விண்ணப்பிக்கப் போவதாகச் சொல்கிறார். இதற்கிடையே 2025 நவம்பரில் பிரிட்டன் தொகையை மாதம் 1,171 பவுனாக உயர்த்திவிட்டது. ஒன்பது மாதங்களுக்கு 10,539 பவுன். நகைகளில் பாதி இன்னும் அடகில் இருக்கின்றன. திண்ணையில் நாங்கள் மறுபடியும் கூடினோம்; உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது. நண்பர் இதைப் பற்றிப் பேச விரும்பவில்லை. அவர் சார்பில் பேசும் உரிமையும் எங்களுக்கு இல்லை. இது எங்கள் கோபம் மட்டுமே.

மறுப்பு உள்ளவர்கள் தாராளமாக எழுதலாம். எழுதுமுன், தங்கள் கணக்கில் 12 லட்சம் ரூபாய் 28 நாட்கள் அசையாமல் கிடந்தது எந்த ஆண்டு, எந்த மாதம் என்று ஒருமுறை நினைத்துப் பார்த்துவிட்டு எழுதட்டும்.